பதினோரு விநாடி மாண்டலின்

அந்தப் பாட்டில் மாண்டலின் பதினோரு விநாடிதான் வரும். பல்லவி முடிந்து, புல்லாங்குழல் ஓய்ந்ததும் உள்ளே நுழையும். வயலின்கள் கிளம்புவதற்குள் வெளியேறிவிடும். கைக்கடிகாரத்தை வைத்துப் பலமுறை எண்ணியிருக்கிறேன். பாட்டு எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உடனே போனை எடுத்துக் கேட்பீர்கள், கேட்டுவிட்டுப் பிரமாதம் என்பீர்கள். அந்தப் பிரமாதத்தை நான் வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது.

பாட்டுக்கு நடுவே கருவிகள் மட்டும் ஒலிக்கும் துண்டை மெல்லிசைக் குழுக்காரர்கள் பிட்டு என்பார்கள். எங்கள் பக்கம் இந்தத் துண்டுக்கு 'அண்ணாச்சி பிட்டு' என்று பெயர். அண்ணாச்சி என்றால் என் அப்பா. பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். வேலை முடிந்து பாளையங்கோட்டைக்கு சைக்கிளில் வந்து, கையில் எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மாண்டலினைத் தொடுவார். ஞாயிறு காலை எங்கள் வேதக்கோயிலில் கீர்த்தனைகளுக்கு வாசிப்பார். மற்றபடி கல்யாண வரவேற்புகளுக்கும் அம்மன் கோயில் கொடைவிழாக்களுக்கும் மெல்லிசைக் குழுவோடு போவார். இரண்டுக்கும் ஒரே மாண்டலின். எங்கள் ஐயருக்கு, போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் கிறிஸ்மஸ் பவனிக்கு அப்பா இல்லாமல் முடியாது என்பதால் வாயைத் திறக்க மாட்டார்.

சினிமாப் பாட்டில் மாண்டலினுக்கு என்ன இடம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு என்ன இடமோ அதுதான். அவர் வராவிட்டால் விக்கும். வந்தால் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பாடியவர் பெயர் தெரியும், எழுதியவர் பெயர் தெரியும், இசையமைத்தவர் பெயரை ரேடியோவில் மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். படகு போகும்போது, சைக்கிளில் இரண்டு பேர் போகும்போது, கதாநாயகி திரும்பிப் பார்க்கும்போது, அங்கேயெல்லாம் அதிர்ந்து கொண்டிருக்கிற அந்த எட்டுக் கம்பிகளை மீட்டியது யார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் நான் செய்த காரியம் நடந்திருக்காது.

கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவுக்குச் சென்னைக்குப் போய் சினிமாவில் வாசிக்கிற ஆசை விடவில்லை. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பட்டறையில் லீவு சொல்லிவிட்டுப் போனார். நாலு மாதம் இருந்தார். பிறகு ஒருநாள் காலை நெல்லை எக்ஸ்பிரசில் இறங்கி, நேராக வீட்டுக்குக்கூட வராமல் பேட்டைக்குப் போய் வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். சென்னையில் என்ன நடந்தது என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பல் துலக்கிவிட்டுப் பழைய சோறு சாப்பிட்டார்.

சில மாதம் கழித்து அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தது. காலை நேரம். அப்பா இட்லியைப் பிட்டவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார். அந்தப் பதினோரு விநாடி கடந்த பிறகுதான் வாயில் வைத்தார்.

"என்னப்பா?" என்றேன்.

"இந்தப் பாட்டுக்குத்தான் மாண்டலின் வாசிக்கக் கூப்பிட்டாங்க. போயிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அந்த வாக்கியத்தை இலக்கண வாத்தியார் மாதிரி பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் என்ன செய்தேன்? பள்ளிக்கூடம் போய்ப் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொல்லிவிட்டேன். அந்த மாண்டலின் எங்கப்பா வாசிச்சது. வகுப்பு டீச்சர் அடுத்த வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். இடைவேளையில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டினார். சாயங்காலம் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு நாற்பது வருஷத்துக்கு மேல் தாங்கியது. காரணம், நான் புளுகவில்லை, நம்பினேன். நம்பிச் சொல்லுகிற பொய்க்கு ஆயுசு கெட்டி.

எங்கள் ஊரில் மூத்தவர்கள் எல்லோருமே அண்ணாச்சிதான். மெல்லிசைக் குழுவை நடத்துகிற அண்ணாச்சி, அவர்தான் மேடையில் பாட்டை அறிவிக்கிறவரும், அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன் வே, இத்தன பெரிய காரியம் செஞ்சிட்டு வாயத் தொறக்கலியே நீரு! ஒம்ம மக சொல்லித்தான் ஊருக்கே தெரியுது!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கதவுப் பக்கம் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி... சும்மா" என்றார் அப்பா.

"நெறகொடம் தளும்பாதுங்கது சரியாத்தான் இருக்கு" என்று அவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா காபி கொண்டுவரப் போனாள்.

அடுத்த வாரம் முக்கூடலில் ஒரு கல்யாண வரவேற்பு. நானும் போயிருந்தேன், புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, முன்வரிசையில். ஆற்றுக்குப் பக்கத்தில் பந்தல். குழு அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "இப்போது நீங்கள் கேட்கப்போகும் பாடலில், அசலில் வாசித்த அதே கை, இதோ நம் மேடையில்" என்றார். கைதட்டல். அப்பா அந்த பிட்டை வாசித்தார்.

அது வேறு மாதிரி இருந்தது.

மெட்டு கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ரேடியோவில் கேட்டதைவிடக் கொஞ்சம் நிதானம், நடுவில் ஓரிடத்தில் கீழே இறங்கி மேலே வந்தது. கடைசி ஸ்வரத்தில் விரலைக் கம்பியோடு இழுத்துவிட்டார். அந்த இழுப்பு அப்பாவுக்கே உரியது. கீர்த்தனை வாசித்தாலும் சினிமாப் பாட்டு வாசித்தாலும் கடைசி ஸ்வரத்தை ஒரு சின்ன இழுப்பு இழுத்துத்தான் விடுவார். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்தார்.

"ரெக்கார்டுல இப்படி இல்லியே வே! ஒரிஜினல்னு சொன்னியளே?"

சிரிப்பு. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காது நீளம். மெல்லிசைக் கச்சேரிக்கு வருவதே ரெக்கார்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான். ஒரு தாளத் தட்டு விட்டுப்போனாலும் வீட்டுக்குப் போகும் வழியில் பேசுவார்கள். அச்சு அசலாக இருந்தால் மட்டும் நல்ல குழு. எழுந்தவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த மனுஷனை அடித்துக் கொல்ல வேண்டும் போல் இருந்தது எனக்கு. வாசிச்சவருக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் அப்பா யாரிடமோ டேப் ரிக்கார்டரும் கேசட்டும் இரவல் வாங்கி வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரம், தினமும் வேலை முடிந்து வந்து. கதவுக்கு வெளியே எங்களுக்குக் கேட்டது: பிட்டு ஓடும், நிற்கும், நாடா பின்னால் சுற்றுகிற கிறீச்சென்ற சத்தம், மறுபடி பிட்டு. பிறகு அப்பாவின் மாண்டலின், பாதியில் நிற்கும். மறுபடி நாடா. தான் வாசித்ததையே ஒரு மனுஷர் கேசட் போட்டுக் கற்றுக்கொள்வாரா என்ற கேள்வி எனக்கு வரவில்லை. அம்மாவுக்கு வந்திருக்கும். அவள் அந்த வாரம் முழுக்க என்னைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் அசன பண்டிகையில், கோயில் வளாகத்தில் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த பிறகு, அப்பா அதை வாசித்தார். ரெக்கார்டு மாதிரியே இருந்தது. மயிரிழை பிசகவில்லை. கடைசி ஸ்வரம் இழுப்பு இல்லாமல் வெட்டினாற்போல் நின்றது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அவர் அதை அப்படித்தான் வாசித்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, அந்த பிட்ட ஒரு தடவ வாசிங்களேன் என்று கேட்டார்கள். வாசித்தார். நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் என்னை அறிமுகப்படுத்தியது, "மாண்டலின் அண்ணாச்சி மக" என்றுதான். எனக்கு அதில் எவ்வளவு கர்வம் என்று சொன்னால் வெட்கக்கேடு.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு இருந்தார். போன வருஷம் இருதயம் பழுதாகி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாண்டலின் அலமாரிமேல் ஏறிவிட்டது. கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று நான் போனில் பழைய பாட்டுகளைப் போடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பாட்டைப் போட்டேன். பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைச் சும்மா தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள். இதில் மாண்டலின் வாசித்தவர் என் தந்தை, அவர் பெயர் இன்னது, இறந்து பல வருஷமாகிறது, எங்குமே அவர் பெயர் இல்லை, கேட்கிறவர்கள் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று. அதற்குக் கீழே எங்கள் ஊர் ஆட்கள் வரிசைகட்டி நின்றார்கள். அது எங்கள் அண்ணாச்சி வாசித்தது, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசாதே, செத்தவர் பெயரைச் சொல்லி ஏமாற்றாதே. இன்னும் மோசமாகவும் சிலர்.

நானும் எழுதினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்த கை. 'அடுத்தவர் உழைப்பைச் சொந்தம் கொண்டாட உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? வாசித்தவரின் மகள் நான் சொல்கிறேன்' என்று எழுதிப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

அப்பா சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ள என்ன எழுதிருக்குன்னு சொன்ன? இன்னொரு தடவ படி. பைய படி."

படித்தேன். பெயர் வந்ததும் அவர் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"அவருதான்" என்றார். "அவ அப்பா வாசிச்சதுதான்ட்டி அது."

எனக்குப் புரியவில்லை. மாத்திரை மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கி வாங்கி அவரே சொன்னார். பாட்டைப் பதிவு செய்த அன்றைக்குக் காலையில் இவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு முறை வாசித்தார். இரண்டு முறையும் அந்தக் கடைசி இழுப்பு வேண்டாம் என்றார்கள். இவருக்கு விரல் நிற்கவில்லை, பழக்கதோஷம். மதியத்துக்கு மேல் இன்னொருவர் வந்தார். வயசில் மூத்தவர், வெள்ளை வேட்டி, நரைத்த மீசை. இவர் வாசித்த பதிவை அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, பிட்டைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரே தடவையில் வாசித்து முடித்தார். வெளியே வந்தவர் இவரிடம், தம்பி, உங்க இழுப்பு நல்லாத்தான் இருந்தது, இடம் இது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாள் அப்பா ரயிலேறிவிட்டார்.

"அப்போ முக்கூடல்ல வாசிச்சீங்களே?"

"அது என்னோடது. நான் அங்கன வாசிச்சது. ஒரு தடவயாவது வாசிச்சிப் பாப்போம்னு தோணிச்சு. அதத்தான் நம்ம ஆளுக ரெக்கார்டு மாதிரி இல்லன்னுட்டாங்களே."

அந்த ஒரு வாரக் கதவும் நாடா சுற்றின சத்தமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பா தன்னுடையதை விட்டுவிட்டு, தன் பெயரில் ஊர் கட்டிவிட்ட இன்னொருத்தர் பிட்டைக் கேசட்டில் கேட்டுக் கேட்டுக் கற்றிருக்கிறார். கட்டிவிட்டது ஊர் இல்லை, நான்.

"அன்னைக்கே இல்லன்னு சொல்லிருக்கலாமேப்பா" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். குற்றம் செய்த நேரத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

"நீ அந்தக் கதவுப்பக்கம் சிரிச்சிக்கிட்டு நின்ன. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிட்டி சொல்லுவேன்? ரெண்டு நா கழிச்சிச் சொல்லுவோம்னு நெனச்சேன். ரெண்டு நா போயிட்டு."

உங்களுடையதை இப்போது வாசித்துக் காட்டுங்கள் என்று அலமாரிமேல் இருந்த மாண்டலினை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அது மறந்துபோச்சு. அவருதுதான் விரல்ல நிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விஷயம் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதிப்போடு, வாசிச்சது உங்கப்பாதான்னு. நான் செத்தா குழுவுல எல்லாரும் வருவாங்க, அத மட்டும் வாசிக்க விட்டுராத. அவர் என்னிடம் வாழ்நாளில் வேறு எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை. சரிப்பா என்றேன்.

எழுதவில்லை. அன்றைக்கு எழுத உட்கார்ந்தேன், என்னுடைய பதிலே அங்கே கொட்டையெழுத்தில் முறைத்துக்கொண்டிருந்தது. வாசித்தவரின் மகள் நான் சொல்கிறேன் என்று. அதன் கீழே என் பழைய மாணவிகள் மூன்று பேர் 'சரியாச் சொன்னீங்க டீச்சர்' என்று எழுதியிருந்தார்கள். நாளைக்கு என்று வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில், திங்கள் பரீட்சைத்தாள். அப்பா ஒருமுறை கேட்டார், "எழுதிட்டியா?" என்று. எழுதியாச்சு என்றேன். இது புளுகுதான். இதை நம்பி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் அப்பா போய்விட்டார். காலை ஆறு மணிக்குக் காபி கொண்டுபோனேன், இல்லை.

மத்தியானம் குழு வந்தது. குழு அண்ணாச்சிக்கும் இப்போது எண்பது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். வீட்டு வாசலில் பந்தல், பெட்டியில் அப்பா, வெள்ளைச் சட்டை. மாண்டலினை எடுத்து யாரோ காலடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஐயர் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கீபோர்டு வாசிக்கிறவர் மேஜையைப் போட்டார். ஒயர் இழுத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து அண்ணாச்சி பக்கத்தில் போனேன்.

"அண்ணாச்சி, அது வேண்டாம். கீர்த்தனை ஏதாவது..."

"ஏன்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "அதுதானம்மா அவரு. அது இல்லாம எப்படி அனுப்புவோம்?"

ஏன் என்று அவர் கேட்டதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பேட்டைப் பட்டறை ஆட்கள், என் பள்ளி டீச்சர்கள், முக்கூடலிலிருந்து வந்திருந்த யாரோ. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து, ஒரு அக்கா என்னைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார்.

"அசலில் வாசித்த அதே கை, இன்றைக்கு ஓய்ந்துவிட்டது" என்றார் அண்ணாச்சி, மைக் இல்லாமலே. கீபோர்டுக்காரர் மாண்டலின் சத்தம் தரும் பொத்தானை அழுத்திவிட்டு வாசித்தார். பதினோரு விநாடி. அச்சு அசல் ரெக்கார்டு. கடைசி ஸ்வரம் இழுப்பு இல்லாமல் நின்றது. எல்லோரும் அழுதார்கள். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் ஜெபம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு போனை எடுத்தேன். அப்பா கேட்டதில் ஒன்றைத்தான் கெடுத்தேன், இன்னொன்றையாவது செய்வோம் என்று. அந்தப் பாட்டுக்குக் கீழே தேடினேன். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். அவள் எழுதியது இல்லை. தாங்க முடியாமல் அவளே எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அதோடு சேர்ந்து, அதற்குப் பதிலாக எங்கள் ஊர்க்காரர்கள் எழுதியதும் போய்விட்டது, நான் எழுதியதும் போய்விட்டது. இப்போது அங்கே எல்லாம் சுத்தமாக இருக்கிறது. பாட்டு பிரமாதம், அந்தக் காலம் மாதிரி வருமா என்று எழுதியிருக்கிறார்கள்.

சரி, இதையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். வாசித்தது அப்பா இல்லை, இன்னார் என்று. அப்போதுதான் கை நின்றது. அந்தப் பெண் தன் அப்பாவின் பெயரை எழுதியிருந்தாள். அதை நான் என் வாயால் இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். இரண்டாம் தடவை பையப் படித்தேன். எவளோ புளுகுகிறாள் என்ற எண்ணத்தில் படித்ததால் அது மனதில் நிற்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய ஒரே ஆளை நான்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தேன். எத்தனையோ நாளாக யோசிக்கிறேன், முதல் எழுத்துக்கூட வரவில்லை.

அவர் பெயரை எழுத முடியாத இந்தப் பக்கங்களில் அப்பா பெயரையும் எழுதவில்லை.